சம்மட்டிக்கு உடையாத சக்கரம்

என் மாமா சுருளிவேலு சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

கம்பத்தில் அவருடைய பஸ் ஷெட்டு வாசலில் பட்டறைக் கல் கிடந்தது. கல் மேலே நான் செய்த சக்கரம். சாப்பாட்டுத் தட்டு அகலம், கருப்பட்டி நிறம், சுற்றிலும் பல். ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். மீதிப் பேர் சந்தையில் செய்தி கேட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏலே சின்னா, ஒடஞ்சா என்ன செய்வ?" என்று மாமா கேட்டார்.

"ஒடஞ்சா பம்பாய்க்கே திரும்பிப் போயிர்றேன் மாமா. ஒடையலேன்னா நீங்க சொன்ன சொல்ல மறந்துறக் கூடாது."

சொன்ன சொல் எது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஷெட்டுக்குப் பின்னால் வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் மகள் பேச்சியம்மாளுக்கும் தெரியும். வாசகர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால் சம்மட்டி கொஞ்ச நேரம் மேலேயே நிற்கட்டும். மாமாவுக்கு அந்தக் காலத்தில் நல்ல தெம்பு.

மூக்கால் கற்ற பாடம்

நான் பம்பாயில் பட்ட பாட்டை இந்தத் தொடரில் சென்ற வாரங்களில் படித்துவிட்டு, மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு ரசாயனம் எப்படி வந்தது என்று போடிநாயக்கனூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. மூக்கால் வந்தது.

பேக்லைட் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய வீடுகளில் கறுப்பாகப் பளபளவென்று சுவிட்சு இருக்குமே, அதுதான். ஆஸ்பத்திரித் தரை கழுவுகிற கார்பாலிக் ஒரு பங்கு. பிணம் கெடாமல் வைக்கிற பார்மலின் ஒரு பங்கு. கொஞ்சம் அம்மோனியா விட்டுக் காய்ச்சினால் தேன் மாதிரி ஒரு பாகு வரும். அதைச் சூட்டிலே வைத்து அமுக்கினால் கல்லாகிவிடும். அப்புறம் எந்த நெருப்புக்கும் இளகாது.

பாகை எப்போது இறக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நிமிஷம் பிந்தினால் சட்டியோடு கல். பம்பாயில் பேக்லைட் பட்டறைக்கு நான் போவதற்கு முன்னால் உத்தமபாளையம் பக்கம் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சியவன். துடுப்பைத் தூக்கிப் பார்த்தால் பதம் தெரியும், வாசனை மாறினால் தூக்கத்திலும் எழுந்துகொள்வேன். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சட்டி என் பொறுப்புக்கு வந்துவிட்டது. என்னைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது என்று பட்டறை முதலாளி உத்தரவு போட்டார். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நடந்தது அப்படிப் பெருமையாக நடந்துவிட்டது.

யுத்தம் வந்தது. பம்பாயில் குண்டு விழப்போகிறது என்று எல்லோரும் மூட்டை கட்டினார்கள். நானும் ரயிலேறினேன். ஊரில் அம்மா காலமாகியிருந்தாள். அம்மாவின் தம்பியான மாமாதான் எனக்கு மிச்சம். அவருடைய பஸ் ஷெட்டை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டு, சட்டியை அடுப்பில் ஏற்றினேன். கம்பம் பள்ளத்தாக்கில் பிளாஸ்டிக் தொழிலின் முதல் அடுப்பு அது. வேறு யாராவது உரிமை கொண்டாடினால் என்னிடம் அனுப்புங்கள்.

சுவிட்சு மூடியும் கதவுக் குமிழும் செய்தேன். தேனியிலும் பெரியகுளத்திலும் வாங்கிப் போனார்கள். ஆனால் மாமா மட்டும் கொட்டகைப் பக்கம் வந்தால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். பேச்சியம்மாள் எனக்கு முறைப்பெண். அந்தப் பேச்சை யாராவது எடுத்தால், ஆஸ்பத்திரி நாற்றம் அடிக்கிற வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று முடித்துவிடுவார்.

பேச்சியும் சும்மா இருக்க மாட்டாள். குடத்தோடு வாய்க்காலுக்குப் போகும்போது கொட்டகை வாசலில் நின்று, "மச்சான், இன்னிக்கு எந்த நோயாளிக்கு வைத்தியம்?" என்று கேட்டுவிட்டுப் போவாள். நானும் பாகைக் கிண்டிக்கொண்டே, "ஒங்கப்பாவுக்குத்தான்" என்பேன்.

நின்றுபோன பஸ்

மாமாவிடம் ஒரே ஒரு பஸ். தேனியிலிருந்து கம்பம் வழியாகக் குமுளிக்கு மலையேறும். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய டிரம்மைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். கிளப்பும்போது வெடி வெடிக்கும். ஆடு மாடு அறுத்துக்கொண்டு ஓடும். மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட்டும் வாங்கித் தள்ளவும் வைக்கிற வண்டி உலகத்தில் இது ஒன்றுதான் என்பார் டிரைவர் அந்தோணி.

அந்தோணி ராயப்பன்பட்டிக்காரர். கண்ணாடிக்கு மேலே ஜெபமாலை தொங்கும். மாமா அதற்குப் பக்கத்தில் சுருளி வேலப்பர் படத்தை மாட்டியிருந்தார். இரண்டு சாமியும் சேர்ந்துதான் வண்டியை ஏற்றுகிறார்கள் என்பது அவர்களுக்குள் உடன்பாடு.

அந்த பஸ் இன்ஜினுக்குள் முன்பக்கம் ஒரு சின்ன இரும்புப் பல்சக்கரமும் அதோடு கடித்துக்கொண்டு ஒரு பெரிய பல்சக்கரமும் உண்டு. பெரியது இரும்பு அல்ல. துணியை அடுக்கிப் பேக்லைட்டில் இறுக்கிச் செய்தது. மெக்கானிக்குகள் பைபர் வீல் என்பார்கள். இன்ஜினுக்கு எப்போது மூச்சு வாங்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொல்கிற சக்கரம் அது. பல் கொஞ்சம் வளைந்தாலும் இன்ஜின் திணறும். பல் உடைந்தால் செத்துவிடும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, வண்டியைக் கிளப்பும்போது கரி வாயு பின்வாங்கி வெடித்தது. அந்த அதிர்ச்சியில் பைபர் வீலின் பற்கள் வரிசையாகப் போய்விட்டன.

புது வீல் கப்பலில் வர வேண்டும். கப்பலெல்லாம் யுத்தத்துக்குப் போயிருந்தது. மாமா மதுரைக்குப் போய் வார்ப்பிரும்பில் ஒன்று செய்து வந்தார். மாட்டினால் நெல் அரைக்கிற மில் மாதிரி சத்தம். அதையும் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அடுத்த வெடியில் வார்ப்பிரும்புப் பல் தெறித்தது, தெறித்த துண்டு சின்னச் சக்கரத்தையும் கடித்துவிட்டது. சின்னதை மாற்ற நல்லவேளையாக ஷெட்டில் ஒன்று கிடந்தது. பெரியதற்கு வழியில்லை.

கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் சபரிமலைக்குக் கிளம்புவார்கள், குமுளி வரைக்கும் பஸ் வேண்டும். தை பிறப்பதற்குள் வண்டி ஓடாவிட்டால் மலையேறும் பர்மிட்டை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவோம் என்று பெரியகுளத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். யுத்த காலச் சட்டம் அப்படி. பர்மிட் போனால் மாமாவிடம் மிஞ்சுவது தகரமும் நாலு டயரும்தான். பர்மிட்டுக்கு ஆசைப்பட்ட கூடலூர்க்காரர் ஒருவர் ஷெட்டுப் பக்கம் அடிக்கடி வந்து மாமாவுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்.

நான் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். அந்த வீலை நான் செய்வேன், சீமைக்காரன் வீலை விட நல்லதாகச் செய்வேன் என்றேன்.

மாமா டீ கிளாசைக் கீழே வைத்தார். "கதவுக் குமிழ் செய்யிறவன் இன்ஜினுக்குச் சக்கரம் செய்வானாம். நீ செய்யி. சம்மட்டியால அடிப்பேன். ஒடையாம இருந்து, வண்டி குமுளி ஏறிட்டு எறங்கிருச்சுன்னா, பேச்சிய ஒனக்கே கட்டிவைக்கிறேன். போதுமாலே?"

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல் அது. கம்பத்தில் பத்திரத்தை விட அதற்கு மதிப்பு அதிகம்.

கெட்டியும் வேண்டும், உடையவும் கூடாது

இந்தத் தொழிலின் ரகசியத்தை இலவசமாகச் சொல்கிறேன். கெட்டியான பொருள் செய்வது பெரிய காரியமில்லை. அடி தாங்குகிற பொருள் செய்வதும் பெரிய காரியமில்லை. இரண்டும் ஒரே பொருளில் இருக்க வேண்டும் என்றால்தான் ஆளுக்கு வேலை. கண்ணாடி வளையல் கெட்டி, கீழே விழுந்தால் பொடி. ரப்பர்ச் செருப்பு அடி தாங்கும், பல் வெட்டினால் பல் மடங்கிவிடும். எனக்கு வளையலின் விறைப்பும் செருப்பின் பொறுமையும் ஒன்றாக வேண்டும்.

வெறும் பாகை வார்த்துப் பார்த்தேன். அழகு. முகம் பார்க்கலாம். மேசையிலிருந்து விழுந்தது, பொறுக்கக்கூட முடியவில்லை.

மரத்தூள் கலந்தேன். சுவிட்சுக்கு அது போதும். பல்லுக்குப் போதாது. தூளுக்குத் தூள் கை கோத்துக்கொள்ளாது.

போடி மலையடிவாரத்து இலவம்பஞ்சைக் கலந்து பார்த்தேன். நம்மூர்ச் சரக்காயிற்றே என்று ஒரு பாசம். தலையணைக்குள் தங்கமாக இருக்கிற பஞ்சு, பாகில் போட்டால் மிதந்துகொண்டு என்னைப் பார்த்தது. அழுத்தி முக்கி அமுக்கினேன். அதன் நார் விரலில் தேய்த்தாலே பொடியாகிற நார். சக்கரமும் அப்படியே வந்தது.

அப்போதுதான் சீமை வீலின் உடைந்த பல்லைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். உள்ளே துணி, தாள் தாளாக. நெய்த நூல் ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். அடி விழுந்தால் ஒரு நூல் மேல் விழாது, அத்தனை நூலும் பங்கு போட்டுக்கொள்ளும். பாகு விறைப்பைக் கொடுக்கும், துணி பொறுமையைக் கொடுக்கும். சீமைக்காரனும் என்னைப் போலத்தான் யோசித்திருக்கிறான் என்று அவன் மேல் எனக்கு மரியாதை வந்தது.

தேனியில் பஞ்சுப் பேட்டையில் ஒரு பழைய திருகு பிரஸ் கிடந்தது. பொதி அமுக்கி ஓய்ந்தது. அதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டகையில் நட்டேன். இரண்டு கனத்த இரும்புத் தகடுகளைக் கருவேலங்கரியில் காய வைத்தேன். எல்லாம் தயார். துணி மட்டும் பாக்கி.

கோடித் துணி

நல்ல காரியத்துக்குக் கோடித் துணி எடுப்பது நம் வழக்கம். என் வாழ்க்கையே அந்தச் சக்கரத்தில் இருக்கும்போது பழந்துணியில் செய்ய மனம் வருமா? கைத்தறி வேட்டி, மடிப்புக் கலையாதது, எடுத்து வந்தேன். மஞ்சள் தடவிச் சாமி கும்பிட்டுத்தான் கத்தரித்தேன்.

பாகை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியை முக்கி, நிழலில் காயப்போட்டு, வட்டம் வட்டமாக வெட்டி அடுக்கினேன். சூட்டுத் தகடுகளுக்கு நடுவே வைத்துத் திருகினேன். எடுத்தால் பார்க்கப் பிரமாதம். சுத்தியால் ஒரு தட்டு தட்டினேன். வாழைமரத்துப் பட்டை உரிகிற மாதிரி தாள் தாளாக உரிந்து வந்தது.

பிரஸ்ஸை இன்னும் இறுக்கினேன். கரியைக் கூட்டினேன். பாகைக் கெட்டியாக்கினேன், இளக்கினேன். எல்லாம் உரிந்தது. கொட்டகை வாசலில் வட்டத் துணிகள் தோசை மாதிரி குவிந்துவிட்டன. கூடலூர்க்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, வெற்றிலைத் தட்டுக்கு ஆகுமா தம்பி என்று கேட்டார்.

அன்றைக்குப் பேச்சி குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டாள். உரிந்த தாள் ஒன்றை எடுத்து முகர்ந்து முகம் சுளித்தாள். நகத்தால் சுரண்டினாள்.

"மச்சான், கஞ்சி வெறப்பா நிக்கிற வேட்டியில தண்ணி தெளிச்சா என்ன ஆகும்?"

"உருண்டு ஓடும்."

"தண்ணியே உருண்டு ஓடுது. ஒம் மருந்து மட்டும் உள்ள போயிருமாக்கும்?"

நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். புதுத் துணியின் நூலைச் சுற்றி அந்தக் கஞ்சி ஒரு சட்டை மாதிரி போர்த்திக்கொண்டிருக்கும். பாகு நூலுக்குள் இறங்கவே இல்லை. மேலே பூசிய சுண்ணாம்பு மாதிரி நின்றிருக்கிறது.

கஞ்சி விஷயத்தைத் தான்தான் கண்டுபிடித்ததாகப் பேச்சி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதை நான் எழுதுகிறபோதும் பக்கத்தில்தான் இருக்கிறாள். உண்மை என்னவென்றால், அவள் வாயைத் திறந்த அதே நேரத்தில் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் முந்திவிட்டாள், அவ்வளவுதான்.

புதுத் துணியைத் துவைத்துப் பார்க்கலாம் என்று உவர்மண் போட்டு வெளுத்தோம். கொஞ்சம் தேறியது. ஆனாலும் வருஷக் கணக்கில் கல்லில் அடிபட்டு, வெயிலில் காய்ந்து, உடம்பில் கிடந்து நைந்த வேட்டிக்கு ஈடாகவில்லை. என் சொந்த வேட்டி ஒன்றைக் கிழித்துச் சின்னத் துண்டு செய்து பார்த்தேன். சுத்தி எகிறியது. துண்டு சிரித்துக்கொண்டு கிடந்தது.

சக்கரத்துக்கு அப்படி ஒரு பெரிய அடுக்கு வேண்டும். என்னிடம் இருந்தது கட்டியது ஒன்று, மாற்று ஒன்று.

பழந்துணி கேட்டவன் பட்ட பாடு

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் உடுத்திய துணியை அந்நியனுக்குக் கொடுக்க மாட்டார்கள். உடம்பில் கிடந்த துணி கையில் இருந்தால் செய்வினை வைத்துவிடலாம் என்று பயம். கிழிந்தாலும் விளக்குத் திரிக்கும் தொட்டிலுக்கும் வீட்டுக்குள்ளேயே தீர்த்துவிடுவார்கள்.

நான் வீடு வீடாகப் போய்ப் பழைய வேட்டி கேட்டேன். ஏற்கெனவே கொட்டகையில் சட்டியும் புகையும் பிண மருந்தும் வைத்திருக்கிறவன். கேட்கவா வேண்டும்? என்னைக் கண்டால் கொடியில் காய்ந்த துணியெல்லாம் உள்ளே ஓடின. ஒரு அம்மாள் துடைப்பத்தை எடுத்துக் குறுக்கே போட்டாள்.

வெளியூரில் கேட்கலாம் என்று கோம்பைக்குப் போனேன். கோம்பையில் பழந்துணி கிடைக்கத்தான் செய்தது. என்னுடையது. அந்த ஊர் நாய் ஒன்று கிழித்துக் கொடுத்தது. அந்த ஜாதி நாய்க்குப் பிடித்தால் விடத் தெரியாது. பொருள் செய்தால் அப்படிச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

கார்த்திகை பிறந்துவிட்டது. மாலை போட்டவர்கள் வந்து ஷெட்டில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு நடந்தே போனார்கள். மாமா அவர்களுக்கு முகம் கொடுக்காமல் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

தீர்த்தத்தில் விட்ட துணி

யாருக்கும் சொந்தமில்லாத பழந்துணி எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன். சுருளித் தீர்த்தம் ஞாபகம் வந்தது. அமாவாசைக்கு வருகிறவர்கள் பெரியவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, அருவியில் குளித்து, உடுத்தி வந்ததைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போவார்கள். பாறை இடுக்கெல்லாம் வேட்டி கிடக்கும். அமாவாசைக்கு மறுநாள் போய் ஒரு பெரிய மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். நான் நினைத்தால் எதற்கும் வழி உண்டு.

மூட்டையை இறக்கும்போது மாமா ஷெட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்கேயிருந்து என்றார். சொன்னேன். சுருளியின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிற மனிதர் அவர். முகம் கறுத்துவிட்டது.

"ஊரான் பாவத்தையெல்லாம் அள்ளிக் கட்டிக்கிட்டு வந்து எம் பஸ்ஸுல ஏத்துறியாலே? மால போட்டவுக ஏறுற வண்டி இது. கல்யாணத்துக்குப் போறவுக ஏறுற வண்டி."

வெள்ளாவியில் வைத்து வெளுத்துவிடலாம் என்றேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்த அந்தோணி தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"மொதலாளி, பாவம் ஆத்தோட போயிருச்சுன்னுதான துணிய விட்டுட்டுப் போறாக? அப்பறம் துணியில என்ன பாவம் மிச்சம் இருக்கும்?"

நியாயம் கேட்டால் மாமாவுக்குக் கோபம் இரண்டு பங்காகும். மூட்டையைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வா என்றார். கொண்டுபோய்ப் போட்டேன். மலைப் பாதையில் மூட்டையோடு திரும்ப நடந்தபோது, பம்பாய் ரயில் எந்தக் கிழமை என்று யோசித்ததும் உண்டு.

மாமா வந்த காலை

மறுநாள் விடிந்து கொட்டகைத் தட்டியைத் திறக்கிறேன், மாமா நிற்கிறார். மூக்கில் துண்டு இல்லை. கக்கத்தில் ஒரு கட்டு.

கட்டைப் பிரஸ் மேலே வைத்தார். அவருடைய வேட்டிகள். கல்லில் அடிபட்டு அடிபட்டு வெண்ணெய் மாதிரி ஆனவை. துவைத்து மடித்திருந்தது.

சட்டியைப் பார்த்தார், தகடுகளைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இது எம் ஒடம்புல கெடந்த துணி. இத வச்சு நீ என்ன வேணாலும் செய்யலாம். சக்கரத்த மட்டும் செய்யி."

செய்வினைக்குப் பயந்து ஊரே துணியை ஒளித்து வைத்த காலத்தில் சொன்ன வார்த்தை அது. கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அந்தோணி கேட்டுக்கொண்டே வந்தவர், வண்டிக்குள் போய்த் தன் பழைய காக்கிச் சட்டையை எடுத்துவந்து கட்டின் மேலே போட்டார். மலையில் உருண்டால் நானும்தானே உருளணும், இதையும் சேர்த்துக்கோ தம்பி என்றார். நான் என் மாற்று வேட்டியையும் சேர்த்தேன்.

எல்லாவற்றையும் பேச்சி இன்னொரு தடவை வெந்நீரில் அலசிக் காயவைத்து மடித்துக் கொண்டுவந்தாள்.

இதற்கப்புறம் நான் செய்தது சீமைக்காரனுக்கும் தெரியாத வித்தை. ஒவ்வொரு வட்டத்தையும் முந்தின வட்டத்தை விடக் கொஞ்சம் திருப்பித் திருப்பி அடுக்கினேன். எல்லாத் திசையிலும் நூல் ஓடும். எந்தப் பல்லை எந்தப் பக்கம் அடித்தாலும் குறுக்கே ஒரு நூல் காவல் நிற்கும். பழைய வீலில் அச்சு மாட்டுகிற இரும்புக் குடத்தை நடுவில் வைத்து அமுக்கினேன். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஆறவும் பொறுமையாக விட்டேன். பல் நேராக இருக்காது, சாய்வாக இருக்கும். பழைய வீலை மேலே வைத்துக் கோடு கீறி, அரத்தாலேயே ஒவ்வொரு பல்லாக எடுத்தேன்.

அராவும்போது விளிம்பில் அடுக்குகள் தெரிந்தன. எல்லாம் பாகு ஊறிக் கருப்பட்டி நிறம். நடுவில் ஒரே ஒரு கோடு மட்டும் சிவப்பு. மாமாவின் வேட்டியும் சிவப்பில்லை, அந்தோணியின் காக்கியும் சிவப்பில்லை. வாய்க்காலுக்குப் போகும்போது யார் சிவப்புத் தாவணி கட்டுவாள் என்று எனக்குத் தெரியும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் முக்கி அடுக்கிய மும்முரத்தில், மடிப்புக்குள் அவள் செருகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அராவினேன்.

சம்மட்டி இறங்கியது

இப்போது ஷெட்டு வாசலுக்கு வருவோம். பாவம், மாமாவுக்குக் கை வலித்திருக்கும்.

சம்மட்டி இறங்கியது. டங்கென்று பட்டறைக் கல்லின் சத்தம்தான் கேட்டது. சக்கரம் ஒரு குதி குதித்து அதே இடத்தில் உட்கார்ந்தது. மாமா குனிந்து பார்த்தார். சக்கரத்தை நிமிர்த்தி வைத்துப் பல் மேலேயே ஒரு அடி போட்டார். அப்புறம் திருப்பிப் போட்டு இன்னொன்று.

"மொதலாளி, போதும். சம்மட்டிக் காம்பப் பாருங்க" என்றார் அந்தோணி.

காம்பு விரிசல் விட்டிருந்தது.

மாமா சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு பல்லாக விரலால் தடவினார். விளிம்பில் விரல் ஒரு இடத்தில் நின்றது. வேலிப்படல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. படல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பல்லு பூரா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சக்கரத்தை அந்தோணி கையில் கொடுத்தார்.

மாட்டினோம். கிளப்பினோம். கரி வாயு தன் வழக்கப்படி பின்வாங்கி ஒரு வெடி வெடித்தது. முந்தைய வீலைத் தின்ற அதே வெடி. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார். மாமா முருகா என்றார். நான் யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டிய அவசியமில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு அடி மட்டும் பின்னால் தள்ளி நின்றேன். இன்ஜின் ஓடியது. பூனை பால் குடிக்கிற மாதிரி ஓடியது.

மறுநாள் காலை மாலை போட்டவர்கள் கூட்டத்தோடு மலையேறினோம். மாமா முன் சீட்டில், நான் அவர் பக்கத்தில். வளைவுக்கு வளைவு அவர் கை என் தொடையை இறுக்கியது. லோயர்கேம்ப் தாண்டி மேடு வந்தபோது வழக்கம்போல் இறங்கித் தள்ளினார்கள். அது கரியின் குற்றம், என் சக்கரத்தின் குற்றம் அல்ல. மழையில் நனைந்த ஏலக்காய் வாசனை வரும்போது குமுளி வந்துவிட்டது.

அங்கே டீக்கடை வைத்திருந்த மலையாளத்துக்காரர் வெளியே வந்து, "எந்தா சேட்டா, வண்டிக்கு ஒச்சயே இல்லல்லோ" என்றார், சத்தமே வரவில்லையே என்று.

மாமா தரையில் இறங்கி நின்று துண்டை உதறித் தோளில் போட்டார். "உள்ள ஓடுறது எம் வேட்டியாக்கும்" என்றார்.

அவர் வேட்டி என்றார். என் சக்கரம் என்று சொல்லவில்லை. நானும் விட்டுக்கொடுத்தேன். மாமனார் ஆகப் போகிறவர்.

தைக்கு முன்னாலேயே பெரியகுளத்து ஆபீசர் அந்த வண்டியிலேயே ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார். பர்மிட் நிலைத்தது. அதற்குப் பிறகு பள்ளத்தாக்கில் எந்தப் பஸ் நின்றாலும் என் கொட்டகைக்குத்தான் ஆள் வந்தது. வரும்போதே பழைய வேட்டியும் கையோடு கொண்டுவந்தார்கள். கூடலூர்க்காரரும் வந்தார், இரண்டு வேட்டியோடு. இப்போது எங்கள் கம்பெனியில் துணிக்குப் பதில் கண்ணாடி நார் போடுகிறோம், பாகும் வேறு. ஆனால் சூத்திரம் அதேதான். புதிதாக வந்த நார்ச் சுருளைப் பிரிக்கும்போது இன்றும் நான் முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன், உருண்டு ஓடுகிறதா என்று.

தாம்பாளம்

தை மாசத்திலேயே கல்யாணம். டீக்கடையில் சொன்ன சொல்லை மாமா காப்பாற்றினார். காரணம் கேட்டவர்களிடம், நாற்றம் பழகிப்போச்சு என்றார்.

சிவப்புக் கோட்டைப் பற்றிப் பேச்சியிடம் கேட்டேன். "எல்லாரு துணியும் இருக்கையில எந்துணி மட்டும் இல்லாட்டி, அந்தச் சக்கரம் ஒம் பேச்ச மட்டும்ல கேக்கும்" என்றாள். எங்கள் வீட்டில் அன்று முதல் யார் பேச்சு நடக்கிறது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

மணவறையில் மாமா தாம்பாளத்தை நீட்டினார். தேங்காய், பழம், வெற்றிலை, மாப்பிள்ளைக்குக் கோடி வேட்டி. முறைப்படி வாங்கிக்கொண்டேன். தாம்பாளம் கனத்தது. கோடியைத் தூக்கிப் பார்த்தால் அதற்கு அடியில் இன்னொரு கட்டு, அவருடைய பழைய வேட்டிகள், வெளுத்து மடித்தவை. பந்தலில் இருந்தவர்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மாமா நாதஸ்வரக்காரரைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த சக்கரத்துக்கு ஆகும்" என்றார்.

கோடியைக் கட்டிக்கொண்டேன். பழசைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.